காலையில் மட்டும் கொதித்த கல் கட்டர்

முப்பத்தொரு வயதுக்காரன் தன்னை ‘ஓய்வு பெற்றவன்’ என்று எழுதினால் சிரிப்பீர்கள். ஆனாலும் பன்னிரண்டு வருடம் உட்கார்ந்திருந்த ரிப்பேர்க் கடை பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவனை வேறு என்னவென்று சொல்வது? போன தை மாதம் எனக்கு அரசு வேலைக்கான உத்தரவு வந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா தொட்டியத்தில் வாழைத்தார் ஏற்றுகிறவர். அவர் அந்த உத்தரவை இரண்டு கையாலும் வாங்கி, எந்தப் பக்கம் மேல் பக்கம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டு, ஓட்டு ஒழுக்கு விழாத இடமாகப் பார்த்து வைத்தார். அதற்கப்புறம், எனக்கு மோட்டார் பிரிக்கிற வேலைதான் பிடித்திருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை.

பெஞ்சில் என் இடத்தில் இப்போது தினேஷ் இருக்கிறான். சில நாட்களுக்கு முன் போன் செய்தான்.

“அண்ணே, புதுசா வர்ற கல் கட்டர் எல்லாம் சூடானா அதுவே நின்னு சிவப்பு லைட் போடுது. இனிமே நாம கண்டுபிடிக்க என்ன இருக்கு?”

“லைட் என்னடா சொல்லுது?”

“சூடாயிடுச்சுன்னு சொல்லுது.”

“ஏன் சூடாச்சுன்னு சொல்லுதா?”

“அதச் சொல்லலண்ணே.” பிறகு, “அந்த ஸ்ரீரங்கம் மெஷின் கதைய எழுதிக் குடுங்கண்ணே. நீங்க சொல்லும்போது பாதி மறந்துபோவுது” என்றான். அவனுக்காக எழுத ஆரம்பித்ததுதான் இது. எழுத எழுத எனக்கே மறுபடியும் ஆவல் பிடித்துக்கொண்டது.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவு. துவாக்குடியில் ஒரு சின்னக் கம்பெனியில் கொஞ்ச காலம் பயிற்சி. படிப்பு எனக்குக் கொடுத்த பெரிய பழக்கம், அச்சில் இருப்பதை முழுதாக நம்புவது. வீட்டில் யாருக்கும் எழுத்து தெரியாததால், மாத்திரை அட்டையிலிருந்து கரண்ட் பில் வரை நான் படித்துச் சொன்னதுதான் சட்டம். அதே பக்தியோடு மெஷின்களின் கையேடுகளையும் படிப்பேன். கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டிருப்பார்கள்: மோட்டார் சூடானால் என்னென்ன காரணம் என்று. பளு அதிகம், வோல்டேஜ் குறைவு, பிளேடு மழுங்கியது, பேரிங் கெட்டது, காற்று வழி அடைப்பு. ஐந்தையும் பார்த்துவிட்டால் ஆறாவது கிடையாது என்று நினைத்திருந்தேன்.

ஜமால் பாய் கடையில் சேர்ந்த பிறகுதான் அந்தக் கட்டத்துக்கு வெளியேயும் இடம் இருப்பது தெரிந்தது. கடை காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால். டிரில்லிங் மெஷின், கிரைண்டர், கையில் பிடித்து மார்பிள் அறுக்கும் கட்டர், கல்லும் செங்கல்லும் அறுக்கிற டேபிள் கட்டர் எல்லாம் ஆட்டோவில் வந்து இறங்கும். பாய் வெள்ளைச் சட்டைதான் போடுவார். சாயங்காலம் வரை அதில் ஒரு கிரீஸ் பொட்டு இருக்காது. வேலை செய்யாத முதலாளி என்று முதல் வாரம் நினைத்தேன்.

வந்த மெஷினுக்குப் பக்கத்தில் உடனே ஸ்க்ரூடிரைவரைக் கொண்டுபோக அவர் விடமாட்டார். முதலில் பிளக்கைக் கையில் எடுப்பார். மூன்று பின்களையும் வெளிச்சத்தில் பார்ப்பார். எது கறுத்திருக்கிறது, எது பளபளப்பாக இருக்கிறது என்று. அங்கிருந்து வயரை விரல்களுக்கு நடுவே விட்டு மெல்ல இழுத்துக்கொண்டே வருவார், பூ கட்டுகிறவர்கள் சரத்தைச் சரிபார்ப்பது போல. எங்கேயாவது விறைத்தோ குழைந்தோ இருந்தால் விரல் நிற்கும். பிறகு மோட்டார் தண்டைக் கண்ணை மூடிக்கொண்டு கையால் சுற்றுவார். கடைசியில் மூக்கைக் கொண்டுபோய் முகர்வார். “வார்னிஷ் வாசம் வந்தா காய்ச்சல். கருகின வாசம் வந்தா மவுத், ஆளு போயாச்சு.” இவ்வளவும் முடிந்த பிறகுதான் கொண்டுவந்தவரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார்.

“இது எப்ப நல்லா ஓடுது?”

வந்தவர்கள் முழிப்பார்கள். எப்போது கெட்டுப்போகிறது என்று சொல்லத்தான் அவர்கள் வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்திருப்பார்கள்.

பாய்க்கு மனசு நிறைந்தால் என்னை ‘தம்பி’ என்பார். கோபம் வந்தால் ‘செந்தில் சார்’. சேர்ந்த புதிதில் ஒரு மார்பிள் கட்டர் சூடாகிறது என்று வந்தது. நான் கையேட்டுக் கட்டத்தைப் பார்த்து பிளேடு மழுங்கல் என்று எழுதிப் புது பிளேடு மாட்டிக் கொடுத்தேன். மறுநாளே திரும்பி வந்தது. பாய் அந்த ஆளிடம் கேட்டார்: “எப்ப நல்லா ஓடுது?” “வீட்டுல நல்லா ஓடுது பாய். மண்டபத்துலதான் சூடாவுது.” மண்டபத்தில் பிளக் தூரம், நீள வயரைச் சக்கரத்தில் சுற்றியபடியே வைத்து, வேண்டிய நுனியை மட்டும் இழுத்து வேலை செய்திருக்கிறார்கள். சுற்றிய வயர் அடுப்பு மாதிரி கொதிக்க, மெஷினுக்குப் போக வேண்டிய வோல்டேஜ் வழியிலேயே தீர்ந்துபோயிருக்கிறது. பாய் என் பக்கம் திரும்பி, “புது பிளேடு அழகா இருக்கு, செந்தில் சார்” என்றார்.

இனி ஸ்ரீரங்கத்துக்கு வருகிறேன்.

கான்ட்ராக்டர் முருகேசன் ஒரு நாள் கருகிய மோட்டாரை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். உத்திர வீதியில் ஒரு பழைய வீட்டை, கோயிலுக்கு வருகிறவர்கள் தங்கும் விடுதியாக அவர் மாற்றிக்கொண்டிருந்தார். முன்கட்டுக்குப் பூச்சில்லாத செங்கல் சுவர், முற்றத்துக்குக் கருங்கல் தளம். எல்லாவற்றையும் அளவாக அறுக்க ஒரு டேபிள் கட்டர் வைத்திருந்தார்: இரும்பு மேஜை, அடியில் தண்ணீர்த் தொட்டி, மேலே கையோடு இறங்கும் பெரிய வட்ட பிளேடு, அதன் பக்கவாட்டில் மோட்டார். பிளேடு மீது தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். அந்த மெஷினில் இது கருகிய இரண்டாவது மோட்டார். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துக்கு முன் விடுதி திறந்தாக வேண்டும்.

“மோட்டார்ல ஒன்னுமில்ல பாய். ஓட்டுறதுலதான் கோளாறு” என்றார் முருகேசன். “அஞ்சலைன்னு ஒரு பொண்ணு. எங்கிட்ட சித்தாளா மண்ணு சுமந்துச்சு. கோடு போட்டா கோட்டுலயே அறுக்குதேன்னு மெஷின்ல நிக்க வெச்சேன். அன்னைலேர்ந்து ஆம்பளைங்க மூஞ்சிய தூக்கி வெச்சிருக்கானுங்க. இப்ப மோட்டார் எரிஞ்சதும் சொல்லிக் காட்டுறானுங்க. கல்லுல பிளேட போட்டு அழுத்துறான்னு.”

“அழுத்துறாளா?”

“அழுத்தாம எப்படி பாய் எரியும்? நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க, ஓட்டுன ஆள் தப்புன்னு. நான் அவள பழையபடி மண்ணு சுமக்க விட்டுடறேன். எனக்கும் தலவலி போவும்.”

பாய் மோட்டாரைப் பிரிக்கச் சொல்லி என்னைப் பார்த்தார். பிரித்தேன். உள்ளே இருந்த கம்பிச் சுருள்கள், அதாவது ஓடும் காயில், ஸ்டார்ட் ஆகும் காயில் இரண்டும் ஒரே மாதிரி, சுற்றுக்குச் சுற்று வித்தியாசமில்லாமல் கறுத்திருந்தன. ஸ்டார்ட் ஆன பிறகு விலக வேண்டிய சுவிட்சு விலகாமல் போயிருந்தால் ஒரு காயில் மட்டும்தான் வெந்திருக்கும். பேரிங் நன்றாகச் சுற்றியது. பாய் ஓவர்லோடு பட்டனையும் கொண்டுவரச் சொல்லிப் போனிலேயே சொல்லியிருந்தார். கரண்ட் அளவுக்கு மேல் போனால் அந்தப் பட்டன் துள்ளி மெஷினை நிறுத்திவிடும். பெஞ்சில் கூடுதல் கரண்ட் விட்டுப் பார்த்தேன். ஒழுங்காகத் துள்ளியது.

“அங்க ஒரு தடவையாவது இது துள்ளிச்சா?” என்று பாய் கேட்டார்.

“இல்லையே பாய்.”

“அழுத்தினா கரண்ட் ஏறும். ஏறினா இது துள்ளும். துள்ளாமலே எரிஞ்சிருக்கு.” பாய் சட்டைக் கையை ஒரு மடிப்பு ஏற்றினார். “சூடு ரெண்டு வழியிலதான் சேரும். ஒன்னு, உள்ள அதிகமா வரும். இல்ல, வந்தது வெளிய போவாது. சரி, இது எப்ப நல்லா ஓடுது?”

முருகேசன் யோசித்தார். அவருக்கே அது விசித்திரமாகத்தான் இருந்திருக்க வேண்டும். சொல்லும்போது குரல் இறங்கியது.

“மதியானத்துக்கு மேல நல்லா ஓடுது பாய். காலையிலதான் கொதிக்குது.”

வெயில் ஏற ஏறக் குளிர்கிற மோட்டாரை நான் கேள்விப்பட்டதில்லை. அன்று இரவு சாப்பிடும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கையேட்டுக் கட்டத்தில் அதற்கு ஒரு பதில்தான் பொருந்தியது. காலையில் தெரு முழுக்கத் தண்ணீர் மோட்டார் போடுவார்கள், வோல்டேஜ் விழும். குறைந்த வோல்டேஜ், அதனால் சூடு. கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்டேன்.

புதுக் காயில் சுற்றிய மோட்டாரோடு அங்கே போய், அவர்கள் கழற்றி வைத்திருந்த பழைய மின்விசிறி மூடியையே போட்டு மாட்டினேன். மதிய நேரம். அஞ்சலையை அன்றுதான் பார்த்தேன். முப்பது வயது இருக்கும். சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, தலையில் இறுக்கிய துண்டு, கண்ணுக்குக் கண்ணாடி. எனக்கு வணக்கம் சொன்னதோடு சரி. கல்லை வைத்து, பிளேடை அதன் மீது இறக்கி, தானாக இறங்க விட்டுவிட்டுக் கையைச் சும்மா வைத்திருந்தாள். கிளாம்ப் மீட்டரை வயரில் மாட்டிப் பார்த்தேன். மோட்டார் தகட்டில் எழுதியிருந்த அளவைக் கரண்ட் தாண்டவே இல்லை. மோட்டார் மீது கை வைத்தேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். மின்விசிறி மூடியின் சல்லடை வழியாகக் காற்று போகிறதா என்றும் பார்த்தேன். சல்லடை சுத்தமாக இருந்தது. ‘காற்று வழி: சரி’ என்று மனதில் ஒரு டிக்.

“நாளைக்குக் காலையில வரேன்” என்று முருகேசனிடம் சொன்னேன்.

“வாங்க தம்பி. எல்லாம் தயாரா வெக்கிறேன்” என்றார்.

மறுநாள் காலை டவுன் பஸ்ஸில் அம்மா மண்டபம் வரை வந்து, அங்கிருந்து நடந்து போனேன். முருகேசன் சொன்னபடியே எல்லாம் தயாராக இருந்தது. மெஷினைச் சுற்றிக் கூட்டிப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். எனக்கு ஒரு நாற்காலி. ஒரு டம்ளர் காபி. அஞ்சலை ஸ்விட்சைப் போட்டாள்.

வோல்டேஜ் நன்றாக இருந்தது. மதியத்துக்கும் காலைக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. என் முடிவு அங்கேயே செத்தது. கரண்ட் சரி. ஒரு மணி நேரத்துக்கு மேல் கருங்கல்லும் செங்கல்லும் மாறி மாறி அறுத்தாள். நான் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். மோட்டார் நேற்றைப் போலவே வெதுவெதுப்பு. காலையில் கொதிக்கிற மெஷின் காலையிலும் கொதிக்கவில்லை.

முருகேசன் என் பக்கம் குனிந்தார். மெஷின் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும். அதனால் அவர் ரகசியமாகச் சொல்ல நினைத்தது அஞ்சலைக்கும் கேட்டது.

“பாத்தீங்களா தம்பி. நீங்க நின்னா ஒழுங்கா ஓட்டுறா. நீங்க போனதும் அழுத்துவா. இப்ப சொல்லலாம்ல பாய்கிட்ட, ஆள் தப்புன்னு?”

அஞ்சலை ஸ்விட்சை அணைத்தாள். பிளேடு நிற்கும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தபடி, “நான் அழுத்துனா கல்லு ஓரம் ஒடையும் சார். அறுத்துப் போட்டது அங்கதான் அடுக்கியிருக்கு. ஒடைஞ்சது ஒன்னு எடுத்துக் காட்டச் சொல்லுங்க” என்றாள். முருகேசனைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

உண்மையைச் சொன்னால், அவர் கேட்டதற்கு மறுப்பு சொல்ல என் கையில் எதுவும் இல்லை. நான் பார்த்த அளவில் எல்லாம் சரி. எல்லாம் சரி என்றால் மிச்சம் இருப்பது ஓட்டுகிற ஆள்தானே. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் நாளைக்கே மண் சட்டியைத் தலையில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வார்த்தை வாயில் வராமலிருக்க ஏதாவது செய்ய வேண்டுமே என்று எழுந்து மோட்டார் பக்கம் சுற்றி வந்தேன். பக்கத்து வீட்டு மதிலுக்கும் மோட்டாருக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்து நிற்கும் இடம்தான். குனிந்து சல்லடையை மறுபடி பார்த்தேன்.

சுத்தமாக இருந்தது. அப்போதுதான் அது என்னை உறுத்தியது.

ஈரமாகக் கல் அறுக்கிற மெஷின்களை எத்தனையோ பிரித்திருக்கிறேன். கல்மாவும் தண்ணீரும் சேர்ந்த சேறு எங்கும் தெறிக்கும். மின்விசிறி அதையும் சேர்த்து இழுக்கும். சல்லடை ஓட்டைகளில் அது தோசை மாவு காய்ந்த மாதிரி அப்பியிருக்கும்; ஆணியை வைத்துக் குத்தித்தான் எடுக்க வேண்டும். இந்த மெஷினிலும் மேஜை, கால், மோட்டாரின் முதுகு எல்லாம் சாம்பல் நிறத்தில்தான் இருந்தன. சல்லடையில் மட்டும் பழைய பொருக்கு ஒன்றுகூட இல்லை; காலையில் தெறித்த ஈரத் துளிகள் சில, அவ்வளவுதான்.

“மோட்டாருக்குப் பின்னாடி யாரு சுத்தம் பண்றது?”

“அந்தப் பக்கம் நான் போறதே இல்ல சார்” என்றாள் அஞ்சலை.

“நானும் போறதில்ல தம்பி. யாரு போறா அந்தச் சந்துக்குள்ள?” என்றார் முருகேசன்.

யாரும் துடைக்காமல் ஒரு சல்லடை எப்படிச் சுத்தமாக இருக்கும்? முகத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனேன். ஓட்டை விளிம்பு ஒன்றில் வெள்ளைப் பஞ்சு நூல் ஒன்று சிக்கியிருந்தது. நிமிர்ந்தேன். என் தலைக்கு மேல் ஒரு கொடி கட்டியிருந்தது, மதில் நெடுக. அதில் எதுவும் இல்லை.

“இந்தக் கொடியில என்ன தொங்கும்?”

முருகேசன் வாயைத் திறப்பதற்கு முன் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

“ஏண்டாப்பா முருகேசா, இன்னிக்குத் திரை கட்டலையா? மடி வஸ்திரமெல்லாம் இப்பதான் உலர்த்தியிருக்கேன். உன் கல்லுமாவு பட்டா நாளைக்கு நான் எதை உடுத்திண்டு பெருமாளுக்குத் தளிகை பண்றது?”

அவர் கோமளா மாமி, பக்கத்து வீட்டுக்காரர். எட்டிப் பார்த்தேன். அவர் கொல்லையில் உயரமான மூங்கிலில் புடவையும் வேஷ்டியும் காய்ந்துகொண்டிருந்தன. பெருமாளுக்குச் சமைக்கும்போது உடுத்த, வேறு யார் கையும் எதுவும் படாமல் காய வேண்டிய துணி. அந்தக் கொல்லையில் வெயில் விழுவது காலையில் மட்டும்தான். உச்சிக்குப் பிறகு மாமி ஒரு கோலால் அவற்றை எடுத்து உள்ளே கொண்டுபோய்விடுவார்.

“இதோ கட்டிடறேன் மாமி” என்று அந்தப் பக்கம் குரல் கொடுத்துவிட்டு, முருகேசன் என்னிடம் அசட்டுச் சிரிப்போடு சொன்னார்: “ஒன்னுமில்ல தம்பி, ஒரு பழைய துணி. தூசி போவாம இருக்க காலையில தொங்கவிடுவோம். மதியம் சுருட்டிடுவோம். இன்னைக்கு நீங்க வர்றீங்கன்னு அவுத்து வெச்சேன். ஒரு சர்வீஸ்காரர் வந்து நிக்கிற எடத்துல அழுக்குத் துணி தொங்கினா நல்லாவா இருக்கும்?”

அதைக் கொண்டுவரச் சொன்னேன். அஞ்சலை ஒரு மூலையிலிருந்து எடுத்து வந்தாள். மாமியே கொடுத்த பழைய வேஷ்டிகள் இரண்டை நடுவில் சேர்த்துத் தைத்தது. சுருட்டியே கிடந்ததில் இன்னும் ஈரமாக, கனமாக இருந்தது. ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து விரித்தோம்.

நடுவில், என் இடுப்பு உயரத்தில், ஒரு வட்டம். இட்லித் துணியில் குழி பதிவது போல, சல்லடையின் ஒவ்வொரு ஓட்டையும் சாம்பல் நிறத்தில் வரிசை தவறாமல் பதிந்திருந்தது. சல்லடையில் படிந்த சேற்றையெல்லாம் தினமும் இந்தத் துணிதான் ஒற்றி எடுத்திருக்கிறது.

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஆனால் பாயிடம் சொல்வதற்கு முன் அது நடப்பதைப் பார்த்தாக வேண்டும். “தினமும் எப்படிக் கட்டுவீங்களோ அப்படியே கட்டுங்க” என்றேன். முருகேசன் சந்துக்குள் போகாமலே கொடியில் துணியைப் போட்டு இழுத்து, வெளியிலிருந்தே இரண்டு பக்கமும் முடிந்தார். துணிக்கும் மோட்டாருக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி இருந்தது. நான் சந்துக்குள் போய் நின்றேன். அஞ்சலை ஸ்விட்சைப் போட்டாள்.

துணி முதலில் லேசாக அசைந்தது. பிறகு மூச்சை உள்ளே இழுப்பது போலக் குழிந்து, தப் என்று சல்லடையில் ஒட்டிக்கொண்டது. ஈரத்துணி, ஒரு துளி காற்று புகவில்லை. இங்கே கரண்ட் ஏறவில்லை, ஓவர்லோடு பட்டன் துள்ளவில்லை. வந்த சூடு வெளியே போக முடியாமல் மோட்டாருக்குள்ளேயே தங்கியது. சில கல் அறுப்பதற்குள் மோட்டார் மீது என்னால் கை வைக்க முடியவில்லை.

“வந்து பாருங்க” என்று கத்தினேன். அஞ்சலை உடனே மெஷினை நிறுத்தினாள். முருகேசன் சுற்றிக்கொண்டு வந்து சேர்வதற்குள் விசிறி நின்றது. துணி விலகித் தன் இடத்தில் போய்ச் சாதுவாகத் தொங்கியது.

“எங்க தம்பி? தள்ளித்தானே தொங்குது?” என்றார் முருகேசன்.

இத்தனை நாளாக யார் கண்ணிலும் படாததற்கு அதுதான் காரணம். ஓடும்போது இந்தச் சந்துக்குள் யாரும் இல்லை. நிறுத்திவிட்டு வந்து பார்த்தால் துணி ஒட்டியிருப்பதில்லை. மெஷினுக்கு முன்னால் நின்று கல்லைப் பார்த்துக்கொண்டிருக்கும் அஞ்சலைக்குத் தெரிவதெல்லாம் தொங்குகிற ஒரு துணியின் ஓரம்தான்.

முருகேசனை என் இடத்தில் நிறுத்திவிட்டு நான் வெளியே வந்தேன். “இப்ப போடுங்கம்மா.”

துணி போய் ஒட்டிய சத்தம் எனக்கே கேட்டது. முருகேசன் அதைப் பிடித்து இழுத்தார். விட்டதும் மறுபடி ஒட்டியது. இன்னொரு முறை இழுத்தார். மோட்டாரைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். மெஷின் நின்ற பிறகும் சந்துக்குள்ளிருந்து வெளியே வரவில்லை.

“இந்தத் திரைய யாரு கட்டச் சொன்னது?” என்று அங்கிருந்தே கேட்டார். யாராவது ஒரு ஆள் வேண்டியிருந்தது அவருக்கு.

மதிலுக்கு அப்பால் மாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். “நீதானே வாக்குக் குடுத்தே, ஒரு பொட்டு தூசி வராது மாமின்னு? உன் கையாலதானே கொடியும் கட்டினே? அந்தப் பொண்ணு என்ன பண்ணுவா?”

அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. அடக்க முடியாமல், “அண்ணன் போட்ட முடிச்சு சார். தெனம் மதியம் அத அவுக்கத்தான் எனக்கு நகமே போச்சு” என்றாள்.

முருகேசன் வெளியே வந்தார். அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. ஆனால் சிக்கல் தீரவில்லை. திரை கட்டினால் மோட்டார் போகும். கட்டாவிட்டால் மாமியின் மடி போகும். மெஷினைத் திருப்பி வைக்கலாமா என்று பார்த்தேன். முற்றத்தில் அதற்கு இடமில்லை. நான் அளந்துகொண்டிருக்கும்போதே அஞ்சலை ஒரு நீளக் கல்லை மேஜையில் வைத்துக் கம்பி மாதிரி ஒல்லியாக நாலு துண்டு அறுத்தாள். துணியின் கீழ் ஓரத்தை மடித்து, கல் துண்டுகளை உள்ளே வைத்துக் கட்டினாள். முருகேசன் கொடியை அவிழ்த்து மதிலை ஒட்டி இழுத்துக் கட்டினார். மெஷினைப் போட்டோம். துணி ஒருமுறை ஆசைப்பட்டு அசைந்தது. கல் கனம் அதை விடவில்லை. அங்கேயே நின்று மாமி துணி எடுக்கும் வரை பார்த்தேன். மோட்டார் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை.

“பாய்கிட்ட என்ன சொல்லட்டும்?” என்று முருகேசனைக் கேட்டேன்.

அவர் அஞ்சலையைப் பார்த்தார், செங்கல் கட்டிக்கொண்டிருந்த ஆட்களைப் பார்த்தார். அவர்களுக்கும் கேட்கும்படி, “மெஷின்ல நிக்கிற ஆள் சரியான ஆள்னு சொல்லுங்க” என்றார்.

கடைக்கு வந்து பாயிடம் சொன்னேன். சல்லடை சுத்தமாக இருந்ததை முதல் நாளே பார்த்தேன், சரி என்று விட்டுவிட்டேன் என்பதையும் சொன்னேன். ‘செந்தில் சார்’ என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, துணி எப்படி ஒட்டியது என்று மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். இன்னொரு தடவை கேட்டார். பிறகு, “நான் போய் பாத்திருக்கணும், தம்பி” என்றார்.

தினேஷ், உன் சிவப்பு லைட்டுக்கு வருகிறேன். அன்று அந்த மெஷினில் அது இருந்திருந்தால் இரண்டு மோட்டார் பிழைத்திருக்கும், அது நல்லதுதான். ஆனால் தினமும் காலையில் லைட் எரியும், அஞ்சலை அழுத்துகிறாள் என்று தினமும் ஒரு சாட்சி சொல்லும். லைட் எரிந்தால் போ. போகிறேன் என்று முன்னால் சொல்லாதே. மெஷின் நிற்கும்போது பார்க்காதே, ஓடும்போது பார். அழுக்காக இருக்க வேண்டியது சுத்தமாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடு.

திரை விவகாரம் முடிந்த அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் என் போன் அடித்தது. தெரியாத நம்பர். பின்னால் மெஷின் ஓடும் சத்தம்.

“சார், நான் அஞ்சலை பேசுறேன். மோட்டார் நல்லாருக்கு. ஆனா பிளேடு ஒரு பக்கமா தேயுற மாதிரி தெரியுது. தண்ணி ரெண்டு பக்கமும் சமமா விழுவணுமா? ஒரு பக்கம் கம்மியா விழுந்தா அப்படி ஆவுமா?”

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை. தண்ணீர்க் குழாயைக் கழற்றி ஊதிப் பார்க்கச் சொன்னேன். நானும் வந்து பார்க்கிறேன் என்றேன். அப்புறம்தான் உறைத்தது, அறுக்கும் சத்தம் நிற்கவே இல்லை.

“நீங்க இங்க பேசுறீங்க. அங்க யாரு ஓட்டுறது?”

“முருகேசன் அண்ணன். பேசிட்டு வரேன், கொஞ்சம் புடிங்கன்னேன்.”

“அழுத்தாம ஓட்டச் சொல்லுங்க.”

“சொல்லிட்டுதான் சார் வந்தேன்” என்றாள்.